உடம்பு இருக்கிறது, ஆள் எங்கே?

ஆண் உடலைப் படமெடுத்துக் கொண்டாடும் குயர் (தன்பாலீர்ப்பாளர், திருநர் முதலானோரின்) அச்சிதழ்களைப் பற்றிப் பேச்செடுத்தாலே இரண்டு கட்சி கிளம்பிவிடும். "இது அப்பட்டமான ஆபாசம்" என்பது முதல் கட்சி. "இல்லவே இல்லை, இது கலை, உங்கள் பார்வைதான் சரியில்லை" என்பது இரண்டாவது. முதல் கட்சியோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை. பெரும்பாலும் அவர்கள் ஒரு பக்கத்தைக்கூடப் புரட்டியிருக்க மாட்டார்கள். எனக்குச் சண்டை இரண்டாவது கட்சியோடுதான். அவர்கள் நம் ஆட்கள், அதனால் உரிமையோடு சண்டை போடலாம்.

'கலை' என்ற இந்தச் சாக்கு எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். 1951இல் லாஸ் ஏஞ்சலீஸில் பாப் மைசர் 'ஃபிசீக் பிக்டோரியல்' என்ற சின்ன இதழைத் தொடங்கினார். ஆபாசம் என்று முத்திரை விழுந்தால் தபாலில் அனுப்ப முடியாது, வழக்கு வரும், சிறைக்கும் போக வேண்டியிருக்கும். அதனால் அவருடைய மாடல்கள் துக்கடா கோவணம் ஒன்றைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். அதைத் தைத்துக் கொடுத்தது மைசரின் அம்மா டீலியா! பின்னால் ஒரு போலி கிரேக்கத் தூண், கையில் ஈட்டியோ வாளோ. ஓவியம் பயில்கிறவர்களுக்கும் உடற்பயிற்சி செய்கிறவர்களுக்கும் உதவும் படங்கள் என்று ஒரு பாவனை. வாங்குகிறவனுக்கும் சங்கதி தெரியும், விற்கிறவனுக்கும் தெரியும், தபால் இலாகாவுக்கும் தெரியும். டாம் ஆஃப் ஃபின்லாந்து என்ற புனைபெயர் கொண்ட ஓவியர் வரைந்த மரம்வெட்டிகள் 1957இல் இந்த இதழின் அட்டையில்தான் முதலில் வந்தார்கள்.

இதே ரகத்து இதழ்கள் மூன்றைத் தபால் துறை தடுத்து வைக்க, வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 1962இல் தீர்ப்பு. நீதிபதி ஹார்லன் அந்த இதழ்களை மட்டமானவை, சகிக்க முடியாதவை என்று வாயாரத் திட்டினார். திட்டி முடித்துவிட்டு, சமூகம் பொறுத்துக்கொள்ளும் பெண் நிர்வாணப் படங்களைவிட இவை ஒன்றும் மோசமில்லை, தடுக்க முடியாது என்றார். எனக்கு மிகவும் பிடித்த தீர்ப்பு இது. யாரும் அந்தப் படங்களுக்கு அழகு என்று சான்றிதழ் தரவில்லை. கலை என்று நிரூபிக்கவும் தேவைப்படவில்லை. (பிற்பாடு 2014இல் ஃபின்லாந்து அஞ்சல் துறை டாம் ஆஃப் ஃபின்லாந்தின் படங்களைத் தபால்தலையாகவே வெளியிட்டது. கவனியுங்கள், தபால்தலை.)

அந்தக் காலத்தில் கிரேக்கத் தூண் தேவைப்பட்டது, சரி. மாட்டிக்கொண்டால் வேலை போகும், வீடு போகும். ஜார்ஜ் பிளாட் லைன்ஸ் பகலில் பெரிய ஃபேஷன் பத்திரிகைகளுக்கும் பாலே குழுவுக்கும் படமெடுத்தவர். தான் எடுத்த ஆண் நிர்வாணப் படங்களை சூரிச்சிலிருந்து ஜெர்மன், பிரெஞ்சு, ஆங்கிலம் என மும்மொழியில் வந்த 'டெர் கிரைஸ்' இதழில் புனைபெயரில்தான் வெளியிட்டார். அதற்கும் முந்தி 1896இல் பெர்லினில் அடால்ஃப் பிராண்ட் தொடங்கிய 'டெர் ஐகனெ' இருந்தது. உலகின் முதல் தன்பாலீர்ப்பு இதழ் என்று அதைச் சொல்வார்கள். கவிதையும் கட்டுரையும் ஆண் நிர்வாணமும் ஒன்றாக வந்த இதழ் அது. 1933இல் நாஜிகள் பிராண்டின் வீட்டுக்குள் புகுந்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனார்கள்.

தண்டனைக்கு அஞ்சிச் சொன்ன சாக்கை, அந்த அச்சம் விலகிய இடங்களிலும் நாம் ஏன் இன்னும் கட்டிக்கொண்டு அழ வேண்டும்? ஓர் ஆணின் தோளையும் முதுகையும் ஆசையோடு பார்க்கிறேன், அதற்காகத்தான் இதழை வாங்குகிறேன். காமம் கலையிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு உள்ளே வர வேண்டியதில்லை. ஆகவே என் கேள்வி ஆபாசமா, கலையா என்பது கிடையாது. படத்தில் இருக்கிறவன் ஓர் ஆளாக இருக்கிறானா, வெறும் உடம்பாக இருக்கிறானா என்பதுதான்.

இதற்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் 'பட்' இதழ். 2001இல் ஆம்ஸ்டர்டாமில் கெர்ட் யோங்கர்ஸ், யோப் வான் பென்னெகோம் என்ற இருவர் தொடங்கியது. வெளிர் ரோஜா நிறத் தாள், கறுப்பு மை, கையில் அடங்கும் அளவு. பளபளப்பு என்ற பேச்சே இல்லை. முதல் இதழில் ஆடை வடிவமைப்பாளர் பெர்ன்ஹார்ட் வில்ஹெல்மை வொல்ஃப்காங் டில்மன்ஸ் எடுத்த படங்கள். அந்தத் தாளில் தோலின் நிறமே வராது, எல்லாம் ரோஜா, எல்லாம் கறுப்பு. அதனால் எல்லாரும் ஒரே சமூகத்தைச் சேர்ந்தவர்கள் மாதிரி ஆகிவிடுவார்கள். ரோமம் அடர்ந்த வயிறு, மடிக்காத படுக்கை, வழுக்கை எதையும் ஒளிக்க மாட்டார்கள். பக்கத்திலேயே நீள நீளமான பேட்டி. கேள்வியும் பதிலும் வெட்டிச் சீவாமல், இருவர் திண்ணையில் உட்கார்ந்து வம்பளப்பது போல அப்படியே ஓடும். ஆள் என்ன வேலை பார்க்கிறான், யாரிடம் ஏமாந்தான், எதற்கு வெட்கப்படுகிறான் என்று படித்துவிட்டு மறுபடி படத்தைப் பார்த்தால் அதே உடம்பு வேறு மாதிரி தெரியும். முன்பைவிடக் கவர்ச்சியாகத் தெரியும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். 2011இல் அச்சு நின்றது, 2022இல் ஒரு பெரிய ஃபேஷன் நிறுவனத்தின் ஆதரவோடு திரும்பி வந்தது. அந்த ஆதரவைப் பற்றி முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. தாளும் அச்சும் தபால் செலவும் யார் தலையில் விழும் என்று தெரிந்தவர்கள் சுளிக்க மாட்டார்கள்.

ஆளை விட்டுவிட்டு உடம்பை மட்டும் எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கும் பிரபலமான உதாரணம் இருக்கிறது. அமெரிக்கப் புகைப்படக்காரர் ராபர்ட் மேப்பிள்தார்ப் 1980இல் எடுத்த, கோட்டு சூட்டு போட்ட கறுப்பின ஆணின் படம். மார்பிலிருந்து முழங்கால் வரை சட்டகம். தலை இல்லை. திறந்திருக்கும் கால்சட்டைதான் படத்தின் மையம். கோபெனா மெர்சர் என்ற விமர்சகர், தாமே கறுப்பினத்தவர், தன்பாலீர்ப்பாளர், கறுப்பு ஆணை ஒரே ஓர் உறுப்பாகச் சுருக்கும் பார்வை இது என்று 1986இல் கடுமையாக எழுதினார். சில ஆண்டுகள் கழித்து அதே படங்களை வேறு விதமாகவும் வாசிக்கலாம் என்று தம் வாதத்தைத் தாமே திறந்து பார்த்தார். எனக்கு அவருடைய முதல் கோபம்தான் இன்னும் சரியாகப் படுகிறது.

"எல்லாராலும் முகம் காட்ட முடியுமா?" என்று கேட்பீர்கள். முடியாதுதான். முகம் காட்டினால் உயிருக்கே உலை வைக்கும் ஊர்கள் இன்றும் நிறைய. ஆனால் முகத்தை மறைத்தும் ஆளை வைக்கலாம். டெல்லியில் பிறந்த சுனில் குப்தா 1986-87இல் எடுத்த 'எக்ஸைல்ஸ்' தொடர் அப்படித்தான். இந்தியா கேட், ஹுமாயூன் கல்லறை மாதிரி எல்லாருக்கும் தெரிந்த டெல்லி இடங்களில் ஆண்கள் இருப்பார்கள். சில படங்களில் முதுகுதான் தெரியும், சிலவற்றில் முகம் திரும்பியிருக்கும். கூடவே தன்பாலீர்ப்புள்ள ஆண்கள் சொன்ன வாக்கியம் ஒன்றிரண்டு. கல்யாணத்தைப் பற்றி, பயத்தைப் பற்றி, இரவுகளைப் பற்றி. முகம் இல்லை, குரல் இருக்கிறது. போதும்.

என் கொள்கையைக் குப்புறத் தள்ளிய இதழும் ஒன்று உண்டு, அதையும் சொல்ல வேண்டும். நியூயார்க்கில் கிறிஸ்டோபர் ஷுல்ஸ் 2007இல் தொடங்கிய 'பின்அப்ஸ்'. அதில் பேச்சே கிடையாது. பெரும்பாலும் இதழ் முழுக்க ஒரே ஆள், அநேகமாகப் பருமனான, ரோமம் அடர்ந்த ஆள். புரட்டும்போது ஒரு பக்கத்தில் பாதித் தோள், இன்னொன்றில் வயிற்று மடிப்பு, அடுத்ததில் என்னவென்றே தெரியாத தோல். தோள் கண்டவர்கள் தோளிலேயே நிற்க வேண்டியதுதான். முழுசாகப் பார்க்க வேண்டுமென்றால் இதழைப் பிரித்து, தாள்களைத் தரையில் வரிசையாகப் பரப்ப வேண்டும். அப்போது ஒரு மனிதர் முழுசாகப் படுத்திருப்பார். பிரிக்காவிட்டால் ஆள் இல்லை, பிரித்தால் இதழ் இல்லை. காகிதத்தில் மட்டுமே செய்ய முடிகிற வேலை இது. திரையில் இதற்கு வழியே இல்லை.

திரை என்றதும் அந்தக் கடுப்பையும் கொட்டிவிடுகிறேன். 2018 டிசம்பர் 17 அன்று டம்ப்ளர் என்ற வலைப்பதிவுத் தளம் வயதுவந்தோருக்கான படங்களை ஒரேயடியாகத் தடை செய்தபோது, பல ஆண்டுகளாகக் குயர் கலைஞர்கள் சேர்த்து வைத்திருந்த பக்கங்கள் கண்ணெதிரே காணாமல் போயின. வேறொரு பெரிய படத்தளத்தில் நான் போட்ட ஒரு முதுகுப் படத்தைக்கூட, வெறும் முதுகு, விதிமீறல் என்று தூக்கினார்கள். முறையிட்டேன், பதில் இல்லை. அச்சடித்த இதழை யாரும் இப்படி நடுராத்திரியில் வந்து அலமாரியிலிருந்து உருவ முடியாது.

அதனால்தான் இப்போது வரும் பல புதிய இதழ்களைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது. எதையும் காட்டலாம், யாரையும் பேச வைக்கலாம் என்ற சுதந்திரம் தாளில் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு இவர்கள் செய்வது என்ன? அட்டைப் பெட்டி மாதிரி கனத்த தாள். அதில் ஒரே ஜிம்மில் வார்த்தெடுத்த அதே வயிறு, அதே தாடை, அதே கடற்கரை வெளிச்சம். நூறு பக்கத்தைப் புரட்டினாலும் அந்த ஆள் காலையில் எத்தனை மணிக்கு எழுவான் என்றுகூடத் தெரியாது. கடைசிப் பக்கத்தில் பெயருக்குப் பதில் இன்ஸ்டாகிராம் முகவரி. இன்ஸ்டாகிராமில் போட்டால் தூக்கிவிடுவார்கள் என்று பயந்து பயந்து எடுத்த படத்தை எதற்குத் தாளில் அச்சிட வேண்டும்? அதற்கு இன்ஸ்டாகிராமே போதுமே.

காசில்லாமல் போட்ட இதழ்களில்தான் ஆட்கள் அதிகம் என்பது வேடிக்கை. 1985இல் டொரண்டோவில் ஜி. பி. ஜோன்ஸும் புரூஸ் லாபுரூஸும் ஜெராக்ஸ் எடுத்துக் கட்டிய 'ஜே.டி.ஸ்' அப்படி ஒன்று. 1990இல் அசோக் ராவ் கவி மும்பையிலிருந்து கொண்டுவந்த 'பாம்பே தோஸ்த்' இன்னொன்று. வாசகர் கடிதங்களுக்காகவே அதைக் காத்திருந்து வாங்கியவர்கள் உண்டு.

பணம் போட்டு, கவனமாகவும் செய்யலாம். 2015 முதல் வரும் 'எல்ஸ்கா' ஓர் இதழுக்கு ஓர் ஊர் என்று எடுத்துக்கொள்கிறது. அந்த ஊர்ச் சாதாரண ஆண்களைத் தெருவில் உடையோடும், அவர்கள் வீட்டில் அநேகமாக உடையில்லாமலும் எடுக்கிறார்கள். கூடவே அவர்களே எழுதிய கதைகள். எல்லாக் கதையும் நன்றாக இருக்காது, சிலது படு மொக்கை. ஆனால் மொக்கையாக எழுதுகிறவனின் உடம்பும் எனக்கு ஒரு மனிதனின் உடம்பாகத் தெரிகிறது. அதுவே பெரிய வித்தியாசம்.

ஆண் உடல் என்றவுடன் நாம் யாரை நினைக்கிறோம் என்பதும் இதில் வருகிறது. லோரன் கேமரன் என்ற திருநம்பி (பிறப்பில் பெண் என்று குறிக்கப்பட்டு ஆணாக வாழ்பவர்) தன்னையும் மற்றத் திருநம்பிகளையும் படமெடுத்து 1996இல் ஒரு புத்தகமாகப் போட்டார். அதிலுள்ள தற்படங்களில் கேமராவை இயக்கும் ரப்பர் குமிழ் அவர் கையில் இருப்பது தெரியும். அதை மறைக்க எத்தனையோ வழி இருந்தும் மறைக்கவில்லை. என்னை எடுப்பது நான்தான் என்று படமே சொல்லிவிடும். இதே தெம்போடு 2009இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஏமஸ் மேக், ராக்கோ கயியாடோஸ் இருவரும் திருநம்பிகளுக்காகத் தொடங்கிய 'ஒரிஜினல் பிளம்பிங்' பத்தாண்டில் 20 இதழ்கள் வந்தது. பழைய பிரதிகள் கிடைப்பது கஷ்டம். 2019இல் தேர்ந்தெடுத்த பக்கங்களைத் தொகுத்துப் புத்தகமாகப் போட்டிருக்கிறார்கள், அது கிடைக்கும். வாங்கினால் முதலில் பேட்டிகளைப் படியுங்கள், படங்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.