லோகோ பெருசா, படம் பெருசா?

போன முகூர்த்தத்துல கானாடுகாத்தான் பக்கம் ஒரு கல்யாணம். ஆர்டர் எடுத்தது ஒரு தம்பி, நான் ரெண்டாவது கேமரா. அவன் கேமரா வாங்கி எட்டு மாசம். அதுக்குள்ள லோகோ ரெடி, விசிட்டிங் கார்டு ரெடி, முதுகுல பேரடிச்ச கறுப்பு டி-ஷர்ட் ரெடி. கேமரா வெளிச்சத்துக்கு எவ்வளவு கூர்மையா இருக்கணும்னு வெக்கிற ஐஎஸ்ஓன்னா என்னன்னு கேட்டா மட்டும் "ஆட்டோல விட்ருக்கேண்ணே"ங்கிறான்.

செட்டிநாட்டு வீட்டுக்குள்ள ஆட்டோ என்ன கிழிக்கும்? வளவுக்கு நடுவுல முற்றம் திறந்து கிடக்கு, வெயில் கொட்டுது. நாலு பக்கமும் தாழ்வாரப் பத்தி இருட்டு. ஆளுக்கு எக்ஸ்போஷர் வெச்சா முற்றம் வெளுத்துரும், முற்றத்துக்கு வெச்சா ஆளு கரிக்கட்டை. "ஃபிளாஷ மேல திருப்பி பவுன்ஸ் பண்ணுங்க"ன்னு யூடியூப்ல சொல்றவங்களுக்கு வீட்டுக் கூரை வெள்ளை. இங்க அண்ணாந்து பாத்தா பர்மா தேக்கு. ஃபிளாஷ் பாதியத் தேக்கு முழுங்கிரும், மிச்சம் பழுப்பா இறங்கும். நேரா அடிச்சா, முட்டை வெள்ளைக்கரு போட்டு இழைச்ச சுவரு கண்ணாடி மாதிரி திருப்பி அடிக்கும். இதையெல்லாம் நான் சும்மா கத்துக்கலை. ரெண்டு வருசம் ஊரு ஊரா ஓசியில கேமராவத் தூக்கிட்டு அலைஞ்சு, நூத்துக்கணக்குல கெடுத்துக் கத்துக்கிட்டது.

சரி, கதைக்கு வர்றேன். திருப்பூட்டு, அதான் தாலி கட்டுற நேரம். கெட்டிமேளம் முழங்குது, தம்பியக் காணோம். எங்கடான்னு எட்டிப் பாத்தா முகப்புத் தூணுல சாஞ்சு நிக்கிறான். இவன் படம் எடுக்கிற மாதிரி நிக்க, இன்னொரு பையன் அதை ஸ்லோ மோஷன்ல எடுக்கிறான். சத்தியமா சொல்றேன், லென்ஸ் மூடியக் கூடக் கழட்டலை!

ஓடிப்போய் நான்தான் எடுத்தேன். ஒரே ஒரு ஃபிரேம், கழுத்துருங்கிற செட்டிநாட்டுத் தங்கத் தாலியும் ஆச்சி கண்ணுல தண்ணியுமா. மறுநாள் காலையில இன்ஸ்டாகிராம்ல கிடக்கு, கழுத்துரு மேலயே அவன் லோகோவோட. பத்தாததுக்கு கலரை ஒரே தட்டுல மாத்துற ப்ரீசெட் ஒண்ண வேற தட்டியிருக்கான். தங்கம் செம்பாயிருச்சு, அரக்குப் பட்டு காப்பித்தூள் கலர், ஆச்சி முகம் ஆரஞ்சு.

சட்டமும் தேடிப் பாத்தேன். 1957 பதிப்புரிமைச் சட்டப்படி, காசு குடுத்து எடுக்கச் சொன்ன படம், வேற ஒப்பந்தம் இல்லைன்னா எடுக்கச் சொன்னவங்களுக்குத்தான். சரி, உரிமை போகட்டும். இதை எடுத்தவன் நான்னு சொல்லிக்கிற பாத்தியதை அதே சட்டத்துல எனக்கு இருக்கு. அதை யாருகிட்டப் போய்க் காட்ட?

இதுல அறிவுரை வேற. "நீங்களும் டெய்லி ஒரு பதிவு போடுங்கண்ணே." எதைப் போட? ஆத்தங்குடில தரைக்கல்லு செய்யக் கண்ணாடி மேல கலரை ஊத்துற அதே ஷாட்டையா? அதைப் போடாத ஆளே இல்ல. அந்தக் கல்லத் தண்ணித் தொட்டியில ஊறப்போடுறத எவனாவது எடுத்திருக்கானா? அங்க எதுவும் அசையாது, ரீல்ஸ் ஓடாது.

கூட்டாளி ஒருத்தன், "விவியன் மேயர் மாதிரி ஆகப்போறியா?"ன்னான். சிகாகோவுல பிள்ளை பாத்துக்கிற வேலை செஞ்ச அம்மா அது. பொட்டி பொட்டியா நெகட்டிவ் 2007ல ஏலத்துக்கு வந்துச்சு, 2009ல அந்த அம்மா செத்துப்போச்சு. உலகமே பேரைச் சொன்னது அதுக்கப்புறம். அவன் கேட்டதுல நியாயம் இருக்கு, அதுதான் கடுப்பே. என் படம் பூராவும் ஹார்ட் டிஸ்க்ல தூங்குது, வெளிய காட்டக் கூச்சம். ஆனா கூச்சத்த விடுறதுக்கும் லென்ஸ் மூடியோட போஸ் குடுக்கிறதுக்கும் நடுவுல வேற வழியே இல்லையா?

நேத்து ராத்திரி தம்பி போன்.

"அண்ணே, அடுத்த முகூர்த்தம் தேவகோட்டையில. வந்துருங்க."

"போன பாக்கி 2,000?"

"ஜிபேல போட்றேண்ணே. அப்பறம், அன்னைக்கு என் டி-ஷர்ட்டப் போட்டுக்கங்க, டீம் மாதிரி தெரியும்."

வர்றேன்னுட்டேன். லென்ஸுக்குத் தவணை கட்டணும். டி-ஷர்ட் சைஸ் என்னன்னு கேட்டான். போன வெச்சுட்டேன்.