கஜாவுக்குப் பிறகு கம்பம் நட்டது யார்?

தம்பி, கஜா புயலுக்குப் பிறகு மின் ஊழியர்கள் எட்டியே பார்க்கவில்லை, ஊர்க்காரர்களே கம்பம் நட்டு கரண்ட் கொண்டுவந்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். பாதிதான் சரி. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்த புயல், புதுக்கோட்டையைப் புரட்டிப் போட்டுவிட்டு எங்கள் பக்கமும் வந்தது. மொத்தத்தில் ஒரு லட்சத்துக்கும் மேலான மின்கம்பங்கள் போயின. வெளி மாவட்டங்களிலிருந்தும், கேரளத்திலிருந்தும்கூட ஊழியர்கள் வந்து வேலை பார்த்தார்கள்.

நான் காரைக்குடிக்காரன். ஆலங்குடி பக்கம் அயித்தை வீட்டுக்கு அரிசியும் மெழுகுவத்தியும் கொண்டுபோனபோது பார்த்தேன்: லாரி இறங்க முடியாத சேற்று வயலில் இளவட்டங்கள் கம்பத்தைக் கயிறு கட்டித் தோளில் சுமந்தார்கள், குழி தோண்டினார்கள். மேலே ஏறிக் கம்பி இழுத்தது வெளியூர் ஊழியர்கள். அயித்தை வடித்த சோற்றைத்தான் இரண்டு கூட்டமும் வரப்பில் உட்கார்ந்து சாப்பிட்டது.

தாமதம் உண்மை, கோபமும் நியாயம். ஆனால் துணைமின் நிலையம், உயரழுத்தக் கம்பி, டிரான்ஸ்பார்மர் எல்லாம் சரியான பிறகுதான் தெருவுக்கு மின்சாரம் வரும்.

அப்புறம், 'நாமே இணைப்புக் கொடுத்துக்கொள்ளலாம்' என்ற வரியைத் தயவுசெய்து அழித்துவிடுங்கள். மெயின் சுவிட்சை அணைக்காமல் ஒரு வீட்டில் ஜெனரேட்டர் ஓடினாலே மின்சாரம் திரும்பக் கம்பிக்கு ஏறும். டிரான்ஸ்பார்மரைத் தாண்டினால் அது பல ஆயிரம் வோல்ட். கம்பத்தில் இருப்பவருக்கு அது தெரியாது.