இடது சீட்டிலிருந்து வலது சீட்டுக்கு

சின்ன ஏர்லைன்ஸில் இடது சீட்டில் கேப்டனாக இருப்பவர் பெரிய ஏர்லைன்ஸுக்கு வலது சீட்டில் கோ-பைலட்டாகப் போகலாமா? ஏடிஆர் என்ற சின்னக் காத்தாடி விமானம் ஓட்டுகிற எங்கள் கூட்டத்தில் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும். எனக்கும் அப்படி ஒரு வாய்ப்பு வந்து, மாதக்கணக்கில் மண்டையைக் குடைந்து, இப்போது ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். அந்த முடிவைச் சொல்வதைவிட, இடையில் காதில் விழுந்த யோசனைகளில் எத்தனை உதவாதவை என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலில் சொந்தக்காரர்கள் கட்சி. கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும்போது, "மாப்ள, நீ ஓட்டுறது வெளியே காத்தாடி சுத்துமே, அதா?" என்று கேட்பார்கள். ஆமாம் மாமா, அதுதான். அவர்கள் கணக்கில் காத்தாடி இல்லாததுதான் பிளேன். ஏர்பஸ் ஜெட்டுக்குப் போனால் அந்தஸ்து கூடும், அவ்வளவுதான் விஷயம். இந்தக் காரணத்துக்காக வேலை மாறுகிறவர்கள் உண்மையிலேயே இருக்கிறார்கள் என்பதுதான் வேடிக்கை.

ஏடிஆர் 72 எழுபது சொச்சம் பேர் உட்காரும் விமானம். ஏர்பஸ் 320இல் வேகத்துக்கு ஏற்ப இன்ஜின் விசையைக் கம்ப்யூட்டரே கூட்டிக் குறைத்துக்கொள்ளும். ஏடிஆரில் அந்த வசதி கிடையாது, எல்லாம் கைதான். தூத்துக்குடி ஓடுபாதை வெறும் 1,350 மீட்டராக இருந்த காலத்தில் ஆடிக் காற்றில் அங்கே இறங்கியவர்களுக்கு நான் சொல்வது புரியும். வேகம் ஐந்து நாட் (விமான வேகத்தின் அளவு) ஏறும், எட்டு நாட் இறங்கும். பவர் லீவரை விட்டு வலது கை எழவே எழாது. தொட வேண்டிய இடத்தில் சக்கரம் தொடாது என்று தெரிந்துவிட்டால், யோசிக்காமல் மேலே ஏறி இன்னொரு சுற்று வர வேண்டும். ஒரு நாளைக்கு நாலு செக்டார், அதாவது நாலு தடவை ஏறி இறங்குவது, சில நாள் ஆறு. ஒவ்வொன்றிலும் எரிபொருள், எடை, மழை, மாற்று விமான நிலையம் என்று முடிவெடுக்க வேண்டியவர் கேப்டன்.

இன்னொன்று, ஏடிஆரில் தரையில் மின்சாரம் தருவதற்கென்று வால் பக்கம் தனி இன்ஜின் இல்லை. வெளி மின்சாரம் கிடைக்காத இடத்தில், வலது பக்க இன்ஜினை ஓட விட்டு அதன் காத்தாடிக்கு மட்டும் பிரேக் போட்டு நிறுத்தி வைப்போம். ஹோட்டல் மோட் என்று பெயர். காத்தாடி நிற்கிறது, சத்தம் மட்டும் வருகிறது என்று பயந்துபோய்ப் பணிப்பெண்ணிடம் கேட்கிற பயணி அடிக்கடி அகப்படுவார். நீங்கள் பின்பக்க இடது கதவு வழியாக ஏறிக்கொண்டிருக்கும்போது ஏசிக்கும் விளக்குக்கும் உழைப்பது அந்த இன்ஜின்தான். இதை எல்லாம் விட்டுவிட்டுப் போகிறோமே என்று எனக்கு வருத்தம் இல்லாமல் இல்லை.

இரண்டாவது கட்சி, "பெரிய கம்பெனி, பாதுகாப்பு" என்பவர்கள். படித்தவர்கள்தான் இதை அதிகம் சொல்கிறார்கள், எனக்கு எரிச்சலும் இங்கேதான் அதிகம். கிங்ஃபிஷர் 2012இல் நின்றது. நூற்றுக்கும் மேற்பட்ட விமானங்கள் வைத்திருந்த ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17 அன்று கடைசி விமானத்தை இறக்கியது. கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதம் திவால் மனு போட்டுவிட்டுப் பறப்பதை நிறுத்தியது. சின்னவையும் செத்திருக்கின்றன. சென்னையிலிருந்து எம்ப்ரேயர் ஓட்டிய பாரமவுண்ட் 2005இல் வந்து 2010இல் போய்விட்டது. நான் முதலில் சேர்ந்த கம்பெனியிலும் சம்பளம் தள்ளிப் போனது, குத்தகைக்குக் கொடுத்தவர்கள் விமானங்களை ஒவ்வொன்றாகத் திருப்பி வாங்கிப் போனார்கள். ஆனால் சின்னது விழுந்தால் சிலருக்குத்தான் வேலை போகும், பெரியது விழுந்தால் ஒரே வாரத்தில் ஆயிரம் பைலட்டுகள் சந்தையில் நிற்பார்கள். எது பாதுகாப்பு என்று நீங்களே சொல்லுங்கள்.

சரி, அப்படியென்றால் எதைத்தான் பார்ப்பது? என் கருத்தில் இரண்டே எண்கள். உங்கள் வயது, அங்கே உங்களுக்குக் கிடைக்கப்போகும் சீனியாரிட்டி எண்.

வெளியே இருப்பவர்களுக்கு இது அவ்வளவாகத் தெரியாது. எங்கள் தொழிலில் அனுபவத்தை மூட்டை கட்டிக்கொண்டு போக முடியாது. ஐயாயிரம் மணி நேரம் பறந்தவரானாலும் புது கம்பெனியில் சேர்ந்த தேதிதான் அவருடைய இடம். ரேஷன் கடை வரிசையில் முன்னால் நின்றவர் அடுத்த தெருக் கடைக்குப் போனால் வாலில்தான் நிற்க வேண்டும், அதே கதை. தீபாவளி லீவு, எந்த ஊர் பேஸ் (பணித் தளம்), எப்போது கமாண்ட் (கேப்டன் பதவி), பெரிய ரக விமானத்துக்கு எப்போது அனுப்புவார்கள் என்பதில் எல்லாம் அந்த எண்ணின் கை இருக்கும். உங்களைவிடப் பத்து வயது சின்னவர் உங்களுக்கு முன்னால் கேப்டன் ஆவார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து "கியர் அப்" என்று அவர் சொன்னதும் நீங்கள் தூக்க வேண்டும். இது தன்மானப் பிரச்சினை என்று நினைப்பவர் தயவுசெய்து போகாதீர்கள். எனக்கு அது உறுத்தவில்லை. 65 வயது வரை பறக்கலாம் என்றால் முப்பத்தைந்தில் வாலில் நிற்பதற்கு ஒரு அர்த்தம் இருக்கிறது. நாற்பத்தெட்டில் நின்றால் மறுபடி இடது சீட்டுக்கு வந்து கொஞ்ச நாளிலேயே வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அப்புறம், ஏடிஆரின் வயிற்றுப்பாடு. சின்ன ஊர்களுக்கு விமானம் விடும் மத்திய அரசின் உடான் திட்டத்தில் முதல் விமானம் 2017 ஏப்ரலில் சிம்லா–டெல்லி இடையே பறந்தது. சின்ன ஊர்களுக்குப் பறந்தால் மூன்று வருஷத்துக்கு அரசு இழப்பை ஈடுகட்டும். நல்ல திட்டம், எனக்குச் சோறு போட்ட திட்டம். ஆனால் 2023இல் வந்த சிஏஜி (அரசுக் கணக்குத் தணிக்கைத் துறை) அறிக்கையைப் படித்தவர்களுக்கு நிலவரம் தெரியும். முதல் மூன்று கட்டங்களில் கொடுத்த 774 வழித்தடங்களில் 403 தொடங்கவே இல்லை. தொடங்கியவற்றில் 112 மட்டுமே மூன்று வருஷத்தை முழுதாகக் கண்டன. மானியம் நின்ற பிறகும் 2023 மார்ச்சில் ஓடிக்கொண்டிருந்தவை 54. சேலத்துக்காரர்களைக் கேளுங்கள். 2018இல் ட்ரூஜெட் கம்பெனி வந்தது, பிறகு நின்றது, மறுபடி 2023 அக்டோபரில்தான் விமானம் வந்தது.

ஒருவேளை வழித்தடம் நன்றாக ஓடினாலும் எங்களுக்கு லாபமா என்றால், அதுவும் இல்லை. கூட்டம் வந்தால் ஓடுபாதையை நீட்டுவார்கள். தூத்துக்குடியில் 1,350 மீட்டரை 3,115 மீட்டர் ஆக்கினார்கள், 2025 ஜூலையில் புது முனையமும் திறந்தாயிற்று. ஊருக்கு நல்லதுதான். நானும் நெல்லைச் சீமைக்காரன், சந்தோஷம். ஆனால் அவ்வளவு நீளம் ஏடிஆருக்காகப் போட்டதில்லை என்பது ஓட்டுகிறவனுக்குத் தெரியாதா? ஊர் வளராவிட்டால் மானியத்தோடு நாங்கள் போவோம், வளர்ந்தால் ஏர்பஸ் வந்து எங்களை அனுப்பும். எந்தப் பக்கம் போனாலும் மிச்சம் இருப்பது அகத்தி மாதிரி 1,200 மீட்டர் தீவு ஓடுபாதைகள்தான். அதை வைத்து எத்தனை பைலட்டுகள் முப்பது வருஷம் பிழைக்க முடியும்? என் முடிவில் பாதி இந்தக் கணக்குதான்.

மீதிப் பாதி, இப்போதைய சந்தை. ஏர் இந்தியா 2023 பிப்ரவரியில் 470 விமானங்கள், அதே வருஷம் ஜூனில் இண்டிகோ 500 விமானங்கள் என்று வாங்க ஒப்பந்தம் போட்டன. 2025 டிசம்பரில் புது ஓய்வு விதிகளுக்கு ஏற்ற எண்ணிக்கையில் பைலட்டுகள் இல்லாமல் இண்டிகோ ஆயிரக்கணக்கான சேவைகளை ரத்து செய்ததை நாடே பார்த்தது. ஆள் தேவைப்படும்போது வரிசையில் நின்றால்தான் பின்னால் பத்து பேர் சேர்வார்கள், நம் எண் மேலே ஏறும். ஆள் எடுத்து முடித்த பிறகு போய்க் கடைசியில் நின்றால் அங்கேயே நிற்க வேண்டியதுதான்.

இதில் ஒரு முள் உண்டு. விமானத் துறையைக் கண்காணிக்கும் டிஜிசிஏ 2017இல் போட்ட விதிப்படி கேப்டன் விலக ஒரு வருஷ நோட்டீஸ், கோ-பைலட்டுக்கு ஆறு மாதம். ஒரு வருஷத்தில் இந்த நாட்டு விமானத் துறையில் என்னவெல்லாம் நடக்கும் என்பதைத்தான் மேலே எழுதியிருக்கிறேனே. கடிதம் கொடுத்த நாளுக்கும் போய்ச் சேரும் நாளுக்கும் நடுவில் கம்பெனியே காணாமல் போகலாம். வேறு எந்த வேலையிலாவது இப்படி ஒரு வருஷம் கட்டிப்போடுவார்களா?

சம்பளம் பற்றி ஒரு வரி போதும். சேரும்போது குறையும், மேலே ஏர்பஸ் பயிற்சிக்கான பாண்ட் (இடையில் விலகினால் கட்ட வேண்டிய பணம்) லட்சக்கணக்கில் தலையில் உட்காரும், கமாண்ட் வந்தால் சரியாகிவிடும். கேப்டன் சம்பளத்தை நம்பி பெரிய வீட்டுக் கடன் வாங்கியவர்கள் முதலில் மனைவியிடம் பேசுங்கள், எச்ஆரிடம் அப்புறம் பேசலாம்.

எங்கள் கம்பெனியில் வலது சீட்டில் இருக்கும் தம்பி ஒருவர், "சார், நீங்களே போறீங்க, நானும் அப்ளை பண்ணிடட்டுமா?" என்று கேட்டார். கூடாது என்றேன். என் கணக்கு வேறு, அவர் கணக்கு வேறு. அவருக்குக் கமாண்ட் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. ஏடிஆரில் கேப்டனாகப் பறக்கும் மணி நேரம் லாக் புக்கில் ஏறிவிட்டால் எந்தக் கம்பெனி மூடினாலும் அழியாது. அந்தக் கமாண்டை வாங்கி, ஒரு மழைக்காலமாவது தன் பொறுப்பில் ஓட்டிப் பார்த்துவிட்டுப் போகட்டும். இன்னும் மூன்று நாலு வருஷம் ஆகும் என்ற நிலையில் இருந்தால் இன்றைக்கே அப்ளை பண்ணச் சொல்லியிருப்பேன். வளைகுடாக் கம்பெனிகள் பெரும்பாலும் ஜெட் அனுபவத்தைத்தான் கேட்கின்றன என்பதால் அந்தக் கனவு உள்ளவர்கள் காத்தாடியோடு ரொம்ப வருஷம் குடித்தனம் நடத்த வேண்டாம்.

நான் கடிதம் கொடுத்துவிட்டேன். நோட்டீஸ் ஓடுகிறது. ஒரே ஒரு விஷயத்தை மட்டும் புதுக் கம்பெனிக்காரர்கள் எழுத்தில் தரவில்லை, பேஸ் எந்த ஊர் என்பதை. புது ஆளுக்குச் சென்னை கிடைப்பது கஷ்டம், டெல்லிக்குத்தான் வாய்ப்பு அதிகம். அம்மாவிடம் இதை நானே நேரம் பார்த்துச் சொல்லிக்கொள்கிறேன். இதைப் படிக்கும் சித்தப்பாக்களும் பெரியம்மாக்களும் முந்திக்கொண்டு போன் போட வேண்டாம்.