கருணை கூர்ந்து ஒரு குடம் தண்ணீர்

தேவகோட்டைப் பக்கம் எங்கள் ஊரில், அத்தை வீட்டு வாசலில் ஒரு குழாய் நிற்கிறது. முழங்கால் உயரத்துக்கு ஒரு சிமெண்ட் கட்டை, அதில் நீல பைப், பிளாஸ்டிக் திருகு. போட்ட அன்றைக்கு அத்தையைக் குடத்தோடு பக்கத்தில் நிற்க வைத்து செல்போனில் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். ஒரு மாதம் ஒழுங்காக வந்தது. அப்புறம் வாரத்துக்கு ஒருநாள், அதுவும் ராத்திரியில். இப்போது அத்தை அந்தக் கட்டையில் ஆட்டைக் கட்டுகிறார்.

கிராமத்துக்கு அரசுக் கணக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். கணக்கில் அத்தைக்கு அது வந்துகொண்டேதான் இருக்கிறது.

2015 செப்டம்பரில் ஐநாவில் 193 நாடுகள் ஏற்றுக்கொண்ட நிலையான வளர்ச்சி இலக்குகள் மொத்தம் 17. எல்லாம் 2030-க்குள். ஆறாவது இலக்கு குடிநீரும் சுகாதாரமும். அதற்கு வைத்திருக்கும் அளவுகோலைக் குறை சொல்ல மாட்டேன்: தண்ணீர் வீட்டிலேயே இருக்க வேண்டும், தேவைப்படும்போது கிடைக்க வேண்டும், சுத்தமாக இருக்க வேண்டும். மத்திய அரசின் கொள்கை ஆலோசனை அமைப்பான நிதி ஆயோக்கின் 2023-24 பட்டியலில் மொத்த இலக்குகளுக்கும் சேர்த்துத் தமிழ்நாடு 100-க்கு 78. நல்ல மார்க்தான். மீதி 22-ல் யார் யார் இருக்கிறார்கள் என்று மார்க் ஷீட்டில் போடுவதில்லை.

என் வருத்தம் வேறு. எல்லோருடைய மனித உரிமைகளையும் நடைமுறையாக்கத்தான் இதெல்லாம் என்று முன்னுரையில் எழுதியிருக்கிறார்கள். ஆனால் 17 தலைப்புகளில் ஒன்றில்கூட அந்த வார்த்தை இல்லை. உள்ளே 169 உட்பிரிவுகள், அதில் 4.7-க்குப் போனால் மாணவர்கள் கற்றுக்கொள்ள வேண்டிய விஷயங்களில் ஒன்றாக மனித உரிமை வருகிறது. பாடமாம்! இலக்கை எட்டாத நாட்டை யாரும் கூண்டில் ஏற்ற முடியாது. விருப்பப்பட்டால் அறிக்கை வாசிக்கலாம்.

இலக்குக்கும் உரிமைக்கும் உள்ள இந்த வித்தியாசம் புரிய ஐநா இருக்கும் நியூயார்க் வரை போக வேண்டாம், எங்கள் ஊருணிக் கரை போதும். பர்மா, மலேயா என்று போய்ச் சம்பாதித்தவர்கள் செட்டிநாட்டில் வீடு மட்டும் கட்டவில்லை. ஊருணி வெட்டினார்கள், செம்புறாங்கல்லில் படித்துறை கட்டினார்கள். மழைக்குறைச்சல் சீமையில் அது சின்னக் காரியம் இல்லை. ஆனால் தர்மம் என்பது கொடுக்கிறவர் கையில் இருப்பது. படியில் யார் இறங்கலாம் என்பதும் அவர்கள் கையில்தான் இருந்தது. எங்கள் அப்பத்தா கரையில் குடத்தை வைத்துக்கொண்டு நிற்குமாம். யாராவது மொண்டு ஊற்றினால்தான் உண்டு. சொல்லும்போது அதற்குக் கோபமே வராது. "தண்ணி இளநி மாதிரி இருக்கும்" என்றுதான் முடிக்கும். எனக்குத்தான் வரும். தலித்துகளுக்குத் தண்ணீர் மறுக்கப்பட்ட மகாராஷ்டிரத்து மகாட் குளத்தில் 1927-ல் அம்பேத்கர் இறங்கிக் குடித்ததைப் படித்தபோது, எனக்கு அந்தக் குளம் தெரியவில்லை, எங்கள் படித்துறைதான் தெரிந்தது.

1948 மனித உரிமைப் பிரகடனத்தின் 25-வது பிரிவில் உணவு, உடை, வீடு, வைத்தியம் எல்லாம் உண்டு, தண்ணீர் இல்லை. தண்ணீரும் மனித உரிமைதான் என்று ஐநா பொதுச்சபை தீர்மானம் போட 2010 ஜூலை 28 வரை ஆனது. ஆதரித்தவை 122 நாடுகள், இந்தியாவும் அதில் உண்டு. அமெரிக்கா, பிரிட்டன் உட்பட 41 நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டன. இலக்கு என்றால் 193 பேரும் தலையாட்டுகிறார்கள். உரிமை என்று சொன்னதும் தொண்டையைச் செருமுகிறார்கள்.

சரி, குழாய்க்கு வருகிறேன். மனு கொடுக்க அத்தையைக் கூட்டிக்கொண்டு போனேன். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். வாசலில் மனு எழுதுகிறவர் பழக்கத்தில் "தாங்கள் கருணை கூர்ந்து" என்று ஆரம்பித்துவிட்டார். அத்தை எட்டிப் பார்த்து வாசிக்கச் சொன்னார். "கருணையெல்லாம் எதுக்குத் தம்பி? கொழா இருக்கு, தண்ணி வரலன்னு எழுதுங்க" என்றார். "அப்படி எழுதினா நல்லா இருக்காதும்மா" என்றார் அவர். ஐந்து நிமிடம் வாக்குவாதம். கடைசியில் அத்தை சொன்னபடியே வேறு தாளில் எழுதினார். இருபது ரூபாய்.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது: "மனுதாரர் இல்லத்திற்கு ஏற்கனவே குடிநீர் இணைப்பு வழங்கப்பட்டுள்ளது. மனு முடித்து வைக்கப்படுகிறது." நேரில் போய்க் கேட்டேன். கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பி ஆதாரம் காட்டினார்கள். திரையில் அத்தை, கையில் குடம், பக்கத்தில் புதுக் குழாய்.