விற்கவில்லை என்றால் ஓடவில்லை என்று அர்த்தமா?

சனிக்கிழமையிலிருந்து அந்த லாரி வீடியோவை எனக்கு அனுப்பாதவர்கள் யாரும் மிச்சமில்லை. பார்த்துவிட்டேன், போதும். செங்கப்பள்ளி பக்கம் ஒரு மின்சாரக் காரை லாரியில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். பின்னால் வருகிறவர் சிரித்துக்கொண்டே படம் எடுக்கிறார். அந்த வண்டி ஏன் நின்றது என்று எடுத்தவருக்கும் தெரியாது, பகிர்ந்தவர்களுக்கும் தெரியாது. அதைக்கூட விட்டுவிடலாம். கீழே நம் நண்பர் ஒருவர் எழுதிய வரியைத்தான் என்னால் விட முடியவில்லை. "இதுக்குத்தான் இந்த வண்டியை யாரும் வாங்கறதில்லை." அதற்கு லைக் போட்டவர்களில் பலர் என் மின்சாரக் காரில் ஏறிப் போனவர்கள், "நல்லா இருக்குங்க" என்று என்னிடமே சொன்னவர்கள்.

யாரும் வாங்கவில்லை என்பது ஒரு பேச்சு. வண்டி சரியில்லை என்பது வேறு பேச்சு. இரண்டையும் போட்டுக் குழப்பாதீர்கள்.

நம் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து இருங்காட்டுக்கோட்டையில் செய்கிற ஹூண்டாய் கிரெட்டா காரையே எடுத்துக்கொள்வோம். ஒரே பெயர், ஏறக்குறைய ஒரே உடம்பு. சாதாரண 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சினுக்கு 115 பிஎஸ் (குதிரைத்திறன்) சக்தி. டர்போ எஞ்சின் இருக்கிறதே என்பீர்கள், அதற்கு 160. 2025 ஜனவரியில் வந்த மின்சார கிரெட்டாவில் பெரிய பேட்டரி வைத்ததற்கு 171. நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட 7.9 நொடி என்கிறது கம்பெனி. பெட்ரோல் எஞ்சின் சுற்று ஏறி, கியர் மாறி, அப்புறம்தான் முழு பலத்தைக் காட்டும். மோட்டார் அப்படியல்ல, காலை வைத்ததுமே மொத்த இழுவையும் கையில் இருக்கும். பெட்ரோலில் ஊற்றுகிற எரிசக்தியில் முக்கால்வாசி சூடாகவும் புகையாகவும்தான் போகிறது. மோட்டார் தனக்கு வருகிற மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்கைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகிறது. மோட்டாரும் பம்ப்செட்டும் செய்தே பெயர் வாங்கிய கோயம்புத்தூரில் உட்கார்ந்துகொண்டு இதை நான் விளக்க வேண்டியிருக்கிறது, அதுதான் எனக்கு வருத்தம்.

என் அப்பா மேட்டுப்பாளையம் ஸ்டாண்டில் டாக்சி ஓட்டியவர். அம்பாசடரில் குன்னூர் மலையை ஏறி இறங்கியே எங்களைப் படிக்க வைத்தார். இறக்கத்தில் செகண்ட் கியரை விட்டு வெளியே வரக்கூடாது, பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே வரக்கூடாது. எங்கள் வீட்டில் சின்ன வயதிலிருந்து கேட்ட பாடம் இது. நான் மின்சாரக் கார் வாங்கியது அவருக்குப் பிடிக்கவில்லை. "கியரே இல்லாம மலையில எப்படிடா இறக்குவ?" என்று ஒரே கேள்விதான் கேட்டார். ஒருநாள் அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக் குன்னூரிலிருந்து இறக்கினேன். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலே மோட்டார் வண்டியைப் பிடிக்கிறது. பிடிக்கிற வேகத்தில் மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பிப் போகிறது. பர்லியாரில் பிரேக் கருகுகிற வாசனையோடு ஓரம் கட்டி நின்ற வண்டிகளைத் தாண்டி வந்தோம். கல்லாறில் நிறுத்தச் சொன்னார். இறங்கி, முன்சக்கரத்துப் பக்கம் குனிந்து, ரிம்முக்குக் கிட்டே புறங்கையை வைத்துப் பார்த்தார். அந்தப் பக்கம் போய் அங்கேயும் வைத்துப் பார்த்தார். "சூடே காணோமேடா" என்றார். குன்னூரில் 46 சதவீதம் காட்டிய பேட்டரி அங்கே 51 காட்டியது. அந்த மலையில் ஆயுசைக் கழித்த மனிதருக்குப் புரிந்தது, வீடியோ பார்க்கிறவர்களுக்கு ஏன் புரியமாட்டேன் என்கிறது?

சரி, விற்பனைக்கு வருகிறேன். விற்பனை குறைவுதான், மறுக்கவில்லை. 2024-ல் இந்தியாவில் விற்ற கார்களில் மின்சாரக் கார் நூற்றுக்கு மூன்றுகூட இல்லை. ஆனால் அதே 2024-ல் நார்வேயில் விற்ற புதுக் கார்களில் நூற்றுக்கு 89 மின்சாரக் கார்தான். பனியில் பேட்டரியின் ஓட்டம் குறையும் என்று தெரிந்தே அவர்கள் வாங்குகிறார்கள். பெட்ரோல் வண்டிக்குப் போட்ட கனத்த வரியை அந்த அரசு இதற்குப் பல வருடம் போடவில்லை, சார்ஜ் போட வசதி செய்தது. அங்கே ஓடுவதும் இங்கே ஓடுவதும் ஒரே மோட்டார்தான். வாங்குகிறவனுக்கு அமைந்த சூழ்நிலைதான் வேறு.

இதற்கு முன்னாலும் இப்படி நடந்திருக்கிறது. மணிக்கு 100 கிலோமீட்டரை முதலில் தாண்டிய கார் எது தெரியுமா? 1899-ல் பிரான்சில் கமில் ஜெனாட்சி ஓட்டிய மின்சாரக் கார். அப்புறம் ஏன் காணாமல் போனது? ஃபோர்டின் மாடல் டி மலிவாக வந்தது, கையால் சுற்றி ஸ்டார்ட் பண்ணுகிற கஷ்டத்தை 1912-ல் காடிலாக்கின் செல்ஃப் ஸ்டார்ட்டர் தீர்த்தது, ஊருக்கு வெளியே மின்சாரம் கிடைக்கவில்லை. அன்றைக்கும் மின்சாரக் காரை ஓரம் கட்டியது விலையும் வசதியும்தான்.

"நிலக்கரியில்தானே கரண்ட் எடுக்கிறார்கள்" என்பவர்களுக்கு: தமிழ்நாட்டில் காற்றாலையும் சூரிய மின்சாரமும் எவ்வளவு என்று பார்த்துவிட்டு வாருங்கள், பேசலாம். "விலை அதிகம்" என்பது உண்மை. 2025 செப்டம்பரில் சின்ன பெட்ரோல் கார்களுக்கு ஜிஎஸ்டியை 18 சதவீதமாகக் குறைத்த பிறகு, 5 சதவீத வரி கட்டுகிற மின்சாரக் காருக்கு இருந்த சலுகை இன்னும் சுருங்கிவிட்டது. ஓடுகிற செலவைப் பாருங்கள். யூனிட்டுக்கு 10 ரூபாய் என்றே வைத்தாலும், ஆறேழு கிலோமீட்டர் ஓடுகிறது, கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய். பெட்ரோல் 100 ரூபாயைத் தாண்டி நிற்கிறது, டவுனில் லிட்டருக்கு 14 கிடைத்தால் அதிகம். பழைய வண்டியாக விற்கப்போனால் அடிமாட்டு விலைக்குக் கேட்கிறார்கள் என்பதும் உண்மை. ஹைவேயில் சார்ஜர் பழுதாகிக் கிடக்கிறது என்பதும் உண்மை. ஆனால் சார்ஜர் பழுதானால் அது சார்ஜரின் குறை. பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்து மைலேஜ் குறைந்தபோது யாராவது "பெட்ரோல் காரே லாயக்கில்லை" என்று சொன்னீர்களா? பெட்ரோலைத்தானே திட்டினீர்கள்? அந்த நியாயத்தை இதற்கும் காட்டுங்கள் என்றுதான் கேட்கிறேன். லாரியில் ஏறிப் போகும் பெட்ரோல், டீசல் கார்களை யாரும் படம் எடுப்பதில்லை. இதுவும் சொல்கிறேன், மின்சாரக் காரிலும் பெட்ரோல் காரில் இருக்கிற அதே சின்ன 12 வோல்ட் பேட்டரி இருக்கிறது. அது போனால் பெட்ரோல் கார் எழுந்திருக்காத மாதிரியே, பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும் இதுவும் எழுந்திருக்காது.

இப்போது எங்கள் அபார்ட்மென்ட் கதை. என் பார்க்கிங்கில், என் மீட்டரிலிருந்து, என் செலவில், தனி பிரேக்கர் வைத்து ஒரு 16 ஆம்பியர் பிளக் போடச் சங்கத்திடம் அனுமதி கேட்டேன். "தீப்பிடிச்சா யாருங்க பொறுப்பு?" என்றார்கள். அதே பேஸ்மென்ட்டில் டேங்கில் பெட்ரோலோடு வரிசையாக நிற்கிற கார்களுக்கு யார் பொறுப்பு? ஜெனரேட்டர் ரூமில் பேரலில் கிடக்கிற டீசலுக்கு யார் பொறுப்பு? பேட்டரியில் தீப்பிடித்தால் அணைப்பது சிரமம், ஒப்புக்கொள்கிறேன். அதற்காகத்தான் தனி பிரேக்கர், எர்த்திங், தகுதியான எலக்ட்ரீஷியன் கையெழுத்து எல்லாம் தருகிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். பதில் இல்லை. நான் ஆபீஸில் சார்ஜ் போட்டுக்கொண்டு ஓட்டுகிறேன்.

எங்கள் பிளாக்கிலேயே இரண்டு குடும்பம் என் வண்டியை ஓட்டிப் பார்த்தார்கள். ஒருத்தர் புக்கிங் வரைக்கும் போனார். பிளக்குக்கு அனுமதி இல்லை என்று தெரிந்ததும் இரண்டு பேரும் பெட்ரோல் கார் வாங்கிவிட்டார்கள். அந்த இரண்டு பெட்ரோல் காரும் கணக்கில் எப்படி ஏறும்? மின்சாரக் காருக்கு டிமாண்ட் இல்லை என்றுதான் ஏறும். சரக்கை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு, கேட்க ஆளில்லை என்று சொல்கிற கடைக்காரர் மாதிரி இருக்கிறது. அவர்களுக்கு வண்டி பிடிக்காமல் இல்லை, அவர்கள் கேட்டது ஒரு பிளக்.

இவ்வளவுக்கும் பிறகு அந்த லாரி வீடியோவை அபார்ட்மென்ட் குரூப்பில் போட்டு, "நம்ம சாருக்காக" என்று என் பெயரைக் குறிப்பிட்டிருக்கிறார்கள். கீழே சிரிப்புப் படங்கள். பண்டிகைக்கு என் வீட்டுப் பலகாரம் போகாத வீடா அவை? உங்களில் யாரையாவது பெட்ரோல் கார் வைத்திருப்பதற்காக நான் ஒரு வார்த்தை சொன்னதுண்டா?

வருகிற ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்தில் என் கடிதம் மறுபடி வருகிறது. வேண்டாம் என்கிறவர்கள் காரணத்தை எழுத்தில் கொடுங்கள். வொயரிங்கில் குறை என்றால் சொல்லுங்கள், மாற்றுகிறேன். லோடு போதாது என்றால் கூடுதல் லோடுக்கு நானே விண்ணப்பிக்கிறேன். அந்த வீடியோவைக் காரணமாகக் காட்டுவதாக இருந்தால், அந்த வண்டி ஏன் நின்றது என்பதையும் கேட்டுக்கொண்டு வாருங்கள்.