பி.ஏ. தமிழ்: கட்டணம் குறைவு, காத்திருப்பு அதிகம்

அக்கா மகள் பிளஸ் டூவில் 600க்கு 531 எடுத்திருக்கிறாள். எங்கள் ஊர் அரசு கலைக் கல்லூரியில் பி.காம். கிடைக்கும், பி.ஏ. தமிழும் கிடைக்கும். கதை எழுதுகிற பிள்ளை. நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதி வைத்திருப்பதை எனக்கு மட்டும் காட்டுவாள். நன்றாகவே எழுதுகிறாள். போன வாரம் போனில், "மாமா, நான் தமிழ் எடுக்கட்டுமா?" என்று கேட்டாள். பின்னாலிருந்து அக்காவின் குரல்: "அவன்கிட்ட கேட்டா எடுன்னுதான் சொல்லுவான். தமிழ் படிச்சு அவன் என்ன சம்பாதிச்சான்னு கேளு."

அக்கா கேட்டது நியாயமான கேள்வி. தமிழ்ப் படிப்பைப் பற்றிக் காசுக் கணக்குப் பேசினாலே மொழியை அவமதித்துவிட்டதாகச் சிலர் கோபப்படுகிறார்கள். அந்தக் கோபத்தை நான் ஏற்பதில்லை. வாடகை வீட்டில் வளர்ந்த பிள்ளையை மொழிப்பற்றை மட்டும் சொல்லி அனுப்பி வைப்பது பெரிய தப்பு. எனவே ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

படிக்கிற செலவு பெரிதாக ஒன்றும் இல்லை. அரசுக் கல்லூரியில் வருடத்துக்குச் சில ஆயிரம். அவள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால், 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். மூன்று வருடத்துக்கு 36,000. டவுன் பஸ்ஸில் டிக்கெட்டும் கிடையாது. கடன் வாங்காமல் முடிக்கக்கூடிய படிப்பு இது. பி.காமுக்கும் இதே கணக்குத்தான். ஆனால் பி.காம். முடித்து, கூடவே டாலி என்கிற கணக்கு மென்பொருளும் ஜிஎஸ்டி கணக்கும் கற்றுக்கொண்டால் இருபது வயதில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்திலோ ஜவுளிக்கடையிலோ சின்னச் சம்பளத்துக்காவது உட்கார்ந்துவிடலாம். பி.ஏ. தமிழ் முடித்தவளுக்கு இருபது வயதில் அப்படி ஒரு நாற்காலி இல்லை.

இந்தப் படிப்பின் உண்மையான செலவு வருடங்கள்தான்.

எண்ணிப் பாருங்கள். இருபதில் பி.ஏ. முடிகிறது. ஆசிரியர் ஆக வேண்டுமென்றால் பி.எட். இரண்டு வருடம். அப்புறம் டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வில் இரண்டாம் தாள். ஒரு காலத்தில் டெட் தேறினால் வேலை என்று நம்பினோம். 2018இல் வந்த அரசாணை, தேறியவர்களுக்குத் தனியாக ஒரு நியமனத் தேர்வும் உண்டு என்றது. பட்டதாரி ஆசிரியர்களுக்கு அந்தத் தேர்வு நடந்தது 2024 பிப்ரவரியில். 2013இல் டெட் தேறிய என் வகுப்புத் தோழிகள் இருவர் அதை எழுதப் போனபோது, அவர்களுடைய பிள்ளைகள் உயர்நிலைப் பள்ளியில் இருந்தார்கள். வேலை கிடைத்துவிட்டால் நல்ல வேலைதான்: அடிப்படைச் சம்பளமே 36,400, அகவிலைப்படி தனி. கிடைக்கும்வரை தனியார் பள்ளி. 2006இல் வந்த தமிழ் கற்கும் சட்டத்தால் எல்லாப் பள்ளிக்கும் தமிழாசிரியர் தேவைதான். அந்தத் தேவை தனியார் பள்ளிச் சம்பளத்தில் தெரிவதில்லை.

எம்.ஏ., பிஎச்.டி. வழி இன்னும் நீளம். உதவிப் பேராசிரியருக்கு அடிப்படைச் சம்பளம் 57,700. கேட்கவே ஆசையாக இருக்கும். ஆனால் 2019இல் ஆசிரியர் தேர்வு வாரியம் (டிஆர்பி) வெளியிட்ட அறிவிப்பின்படி யாருக்கும் வேலை கிடைக்கவில்லை. 4,000 இடங்களுக்கான அடுத்த அறிவிப்பு 2024 மார்ச்சில்தான் வந்தது. இடைப்பட்ட வருடங்களில் படித்து முடித்தவர்கள் எங்கே போவார்கள்? நிரந்தரமில்லாத கௌரவ விரிவுரையாளராகப் போனார்கள். என்னோடு படித்தவன் ஒருவன், எங்கள் வகுப்பிலேயே சங்கப் பாடலை அவன் அளவுக்கு விளக்கக்கூடியவர் யாரும் கிடையாது, இன்னும் தொகுப்பூதியத்தில் இருக்கிறான். நாற்பதைத் தாண்டிவிட்டான். மே மாதம் சம்பளம் இல்லை. கௌரவ விரிவுரையாளருக்கு மாதம் 50,000 வரை தரலாம் என்று 2019இலேயே பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) சொல்லிவிட்டது. அவன் வாங்குவது அதில் பாதி. மாணவர்கள் அவனை ஐயா என்று அழைத்துக் காலில் விழுகிறார்கள். வீட்டுக்காரர் வாடகையைக் கூட்டும்போது அந்த மரியாதை உதவிக்கு வருவதில்லை. அவனை நினைத்தால் எனக்கு மனசு ஆறாது.

சரி, எழுத்தாளர் ஆகத்தானே அவள் தமிழ் படிக்க ஆசைப்படுகிறாள்? அந்தக் கணக்கும் போட்டேன். வழக்கமான ராயல்டி 10 சதவீதம். 250 ரூபாய்ப் புத்தகம் 500 பிரதி விற்றால் 12,500 ரூபாய். அதுவும் கைக்கு வர வருடக்கணக்கில் ஆகலாம். சாகித்திய அகாதெமி விருதே ஒரு லட்சம்தான். நம் பெரிய எழுத்தாளர்கள் எதை நம்பி எழுதினார்கள் என்று பார்த்தால் தெரியும். வண்ணதாசன் வங்கியில் இருந்தார், பூமணி கூட்டுறவுத் துறையில், இமையம் பள்ளி ஆசிரியராக. பெருமாள்முருகன் அரசுக் கல்லூரித் தமிழ்ப் பேராசிரியராக இருந்தார், அதாவது இந்தப் படிப்பே அவருக்கு வேலையும் தந்தது. எழுத்து வேறு, மாதச் சம்பளம் வேறு என்றுதான் இவர்கள் எல்லோரும் வாழ்ந்திருக்கிறார்கள்.

இனி என் கதை. அக்கா கேட்டதற்குப் பதில்.

எனக்குச் சோறு போட்டது நன்னூல். புணர்ச்சி விதியை மனப்பாடம் செய்ய வைத்த பேராசிரியரை அப்போது திட்டியிருக்கிறேன். 2004இல் சென்னையில் ஒரு அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கச் சேர்ந்தபோது மாதம் 3,500. வல்லினம் எங்கே மிகும், எங்கே மிகாது என்று யோசிக்காமல் திருத்த என்னால் முடிந்தது. அதனால்தான் அங்கிருந்து ஒரு நாளிதழில் உதவி ஆசிரியர் வேலை கிடைத்தது. கொரோனா வருடத்தில் ஆள் குறைத்தார்கள், வெளியே வந்தேன். மூன்று மாதம் வீட்டில் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்புறம் செயலிகளையும் இணையதளங்களையும் தமிழாக்கும் வேலை வந்தது. இன்று மாதம் சராசரியாக நாற்பதாயிரம், சில மாதம் அதில் பாதி. எந்திர மொழிபெயர்ப்பு வந்த பிறகு முழு மொழிபெயர்ப்பு குறைந்து, எந்திரம் செய்ததைத் திருத்துகிற வேலைதான் அதிகம். அதற்குத் தரும் காசும் குறைவு. இதையும் மறைக்காமல் அவளிடம் சொன்னேன்.

சொல்லிவிட்டு, தமிழையே எடு என்றேன். ஏனென்றால் அவள் அதில்தான் உழைப்பாள். பிடிக்காத பி.காமில் அரியர் வைத்தால் அதற்கும் வருடங்கள்தான் போகும். ஆனால் தேதி வைத்துப் படி என்று சொல்லியிருக்கிறேன். இரண்டாம் வருடத்திலிருந்தே குரூப் 4 என்கிற அரசு வேலைத் தேர்வை எழுத வேண்டும். 200 கேள்வியில் 100 தமிழ், இவளுக்கு அது வீட்டுப் பாடம் மாதிரி. தொடக்கம் 19,500 என்றாலும் அரசு வேலை, சாயங்காலம் எழுத நேரம் இருக்கும். பி.எட். கட்டாயம். பிஎச்.டி.க்கு ஒரே நிபந்தனை: நெட் என்கிற தேசியத் தகுதித் தேர்வு எழுதி, ஜேஆர்எஃப் என்கிற ஆய்வு உதவித்தொகை வாங்கினால் மட்டும். மாதம் 37,000 கொடுத்துப் படிக்க வைக்கிறார்கள் என்றால் போகலாம், கைக்காசில் ஐந்து வருடம் வேண்டாம். இருபத்தைந்து வயதில் கையில் சம்பளம் எதுவும் இல்லையென்றால் காத்திருப்பை நிறுத்திவிட்டு வேறு வேலைக்குப் போக வேண்டும். கதை எழுதுவதை எதற்காகவும் நிறுத்தக் கூடாது.

கேட்டுக்கொண்டிருந்த அக்கா, "பி.எட்.க்கு யார் கட்டுவா?" என்றாள். திங்கட்கிழமை வங்கியில் மாதம் 2,000 ரூபாய்க்கு ஒரு ஆர்.டி. போடுகிறேன், மூன்று வருடத்துக்கு. அன்றைக்கே கல்லூரியில் அவளுக்குச் சேர்க்கை. அக்காவும் வருகிறாளாம்.