வெள்ளி முலாமா, பச்சை பூத்த நுனியா?
வெள்ளி முலாம் பூசிய ஸ்பீக்கர் ஒயருக்கு மாறியதும் பாடகரின் குரல் தெளிந்துவிட்டதாக ஒரு கட்டுரையாளர் எழுதுகிறார்; தெளிந்திருக்கலாம், ஆனால் காரணம் வெள்ளிதானா என்பதே என் ஐயம். 2.5 சதுர மி.மீ. செம்பு ஒயரை 5 மீட்டர் தொலைவுக்கு இழுத்தால், போக வர 10 மீட்டருக்கும் சேர்த்தே மின்தடை சுமார் 0.07 ஓம்தான், 8 ஓம் ஸ்பீக்கரோடு ஒப்பிட்டால் அது ஒரு சதவீதம்கூட இல்லை. என் வீட்டிலும் விலை உயர்ந்த ஒயரைப் போட்டதும் வலப்பக்க ஸ்பீக்கர் தெளிவாயிற்று. சந்தேகம் தீராமல், பழைய ஒயரின் பச்சை பூத்த நுனியை இரண்டு அங்குலம் வெட்டி, புதிதாகச் சீவி, ஆம்ப்ளிஃபயரின் திருகில் இறுக்கிப் பார்த்தபோது அதே தெளிவு கிடைத்தது; குறை களிம்பேறிய இணைப்பில்தான் இருந்திருக்கிறது. மெல்லிய 0.5 சதுர மி.மீ. ஒயரை நீளமாக இழுத்திருப்பவர்கள் தாராளமாகத் தடித்த ஒயருக்கு மாறலாம், அதற்கும் சாதாரணச் செம்பே போதும். எனது வெள்ளி ஒயர் இப்போது பரணில் இருக்கிறது.